வீட்டில் ஒரு கொம்பியூட்டர் நெற்றில் ஏறினால் மற்றது விழுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பரந்தன், விசுவமடு, மாங்குளம், மல்லாவி என்று எந்தப் பக்கம் திருத்த வேலைக்குப் போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் புது ரவுட்டர் வாங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் கொம்பனியை மாற்றியிருப்பார்கள். பிரச்சினை மட்டும் அப்படியே கிடக்கும். பிள்ளை உயர்தரம் எடுக்கிற வீட்டில் அது சின்னக் காசு இல்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன். முதல் இரண்டையும் கட்டாயம் வாசியுங்கள், மற்றவற்றில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அண்ணை, ஒரு கொம்பியூட்டர் நெற்றில நிக்கேக்க மற்றதைப் போட்டா முதல் நிண்டது விழுந்திடுது. ரவுட்டர் பழுதோ?

பெரும்பாலும் இல்லை. பழுதான ரவுட்டர் அநேகமாக எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விழுத்தும். ஒன்று ஏற ஒன்று விழுகிறது என்றால், இரண்டும் ஒரே இடத்துக்கு அடிபடுகின்றன என்று பொருள். அந்த இடம் ஒரு முகவரி எண்ணாக (ரவுட்டர் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் கொடுக்கும் ஐபி எண்) இருக்கலாம், ஒரு லைனாக இருக்கலாம், ஒரு துண்டு வயராகவும் இருக்கலாம்.

எந்த வீட்டிலும் நான் பார்ப்பது மூன்று விடயம். கொம்பியூட்டர் ரவுட்டரோடு இணைந்திருக்கிறதா? இணைந்தால் அதற்கு ஒரு முகவரி எண் கிடைத்திருக்கிறதா? எண்ணும் இருந்தால், ரவுட்டரிலிருந்து வெளியே போகும் லைன் உயிரோடு இருக்கிறதா? வைபை கோடுகள் முழுதாக இருப்பது முதலாவதுக்கு மட்டுமே சாட்சி. எங்கள் ஆட்கள் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு நேரே கொம்பனிக்குப் போன் எடுக்கிறார்கள். நடுவில் இருக்கிற எண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை. பிழையோ அநேகமாக அங்கேதான் இருக்கும்.

அந்த எண்ணை எங்க பாக்கிறது? பாத்தா எனக்கு விளங்குமோ?

விளங்கும். விண்டோஸ் கொம்பியூட்டர் என்றால் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஐபிவி4 என்று தொடங்கும் வரியில் இருப்பது இந்தக் கொம்பியூட்டரின் எண். கேற்வே என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் எண். அன்ட்ரொயிட் போனில் வைபை செற்றிங்ஸுக்குப் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் இதே விபரம் வரும்.

எண் 192.168 என்று தொடங்கினால் நல்லது. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே பாவிப்பதற்கென்று 1996ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்ட எண்களில் ஒன்று அது. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே மாதிரி எண் இருந்தாலும் மோதிக்கொள்வதில்லை. 169.254 என்று தொடங்கினால், கொம்பியூட்டர் எண் கேட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை, அது தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள்.

வீட்டில் உள்ள எல்லாக் கொம்பியூட்டர்களிலும் போன்களிலும் இதைப் பார்த்து ஒரு கொப்பித்தாளில் வரிசையாக எழுதுங்கள். புள்ளிகளால் பிரிந்த நாலு பகுதியில் முதல் மூன்று பகுதியும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் பகுதி ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டும். கேற்வே எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் எது பிசகினாலும் கீழே அதற்கொரு பதில் இருக்கிறது.

எழுதிப் பாத்தன். ரெண்டிலயும் ஒரே எண் கிடக்குது. எப்பிடி வந்தது?

அநேகமாக யாரோ ஒருவர் கையால் எழுதி வைத்திருக்கிறார். பழைய அலுவலகத்திலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ வந்த கொம்பியூட்டர்களில் இது அதிகம். அங்கே பிரின்டருக்காகவோ சேர்வருக்காகவோ நிரந்தர எண் போட்டிருப்பார்கள், அழிக்காமல் கைமாறி வந்திருக்கும். ஒரே எண்ணோடு இரண்டு கொம்பியூட்டர் நின்றால், ரவுட்டர் அனுப்புவது சில நேரம் ஒன்றுக்கும் சில நேரம் மற்றதுக்கும் போகும். முதற்கேள்வியில் சொன்ன “ஒன்று ஏற ஒன்று விழும்” கதை இதுதான்.

செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதிக்குப் போய், ஐபி அசைன்மென்ற் என்ற இடத்தில் மனுவல் என்று இருந்தால் ஒட்டோமெட்டிக் என்று மாற்றுங்கள். இரண்டிலும் செய்யுங்கள். பிரின்டர், கமரா போன்றவற்றுக்கு மாறாத எண் தேவைதான். ஆனால் அதைக் கொம்பியூட்டரிலோ கமராவிலோ எழுதாமல் ரவுட்டரின் செற்றிங்ஸ் பக்கத்தில் ஒதுக்கி வையுங்கள். கேற்வே எண்ணை புரவுசரின் முகவரிக் கட்டத்தில் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். ரவுட்டர் ஒதுக்கினால் அதே எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காது.

169 எண்டு தொடங்குது அண்ணை. வைபை முழுசாக் காட்டுது. கரண்ட் போய் வந்தாப் பிறகுதான் கூட இப்பிடி.

கரண்ட் வரும்போது கொம்பியூட்டரும் ரவுட்டரும் ஒன்றாக எழும்புகின்றன. வயரில் இணைத்த கொம்பியூட்டர், ரவுட்டர் தயாராகுமுன் எண் கேட்டுவிட்டு, பதில் வராததால் 169ஐப் போட்டுக்கொள்ளும். பிறகு தானாகவே திரும்பக் கேட்கும், ஆனால் நிமிடக் கணக்காகலாம். வயரைக் கழற்றிப் பூட்டுங்கள், வைபை என்றால் அணைத்துப் போடுங்கள். அதுவே போதும். 2022இல் நாள்தோறும் மின்வெட்டு இருந்த காலத்தில் பல பேர் இதை ரவுட்டர் பழுது என்றே நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள்.

கழற்றிப் பூட்டியும் 169தான் என்றால், வீட்டில் மற்றவற்றைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 169 என்றால் ரவுட்டரில் எண் வழங்கும் வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் பெயர் டிஎச்சிபி. ரவுட்டரின் பக்கத்தில் லான் பகுதியில் (வீட்டுக்குள் இருக்கும் இணைப்புகளுக்கான பகுதி) அதை எனேபிள் செய்ய வேண்டும். புதிதாக வருபவற்றில் மட்டும் 169 என்றால் எண்கள் முடிந்துபோயிருக்கின்றன. அதைப் பின்னால் ரியூசன் வகுப்புக் கேள்வியில் சொல்கிறேன்.

லைன் பெட்டியில இருந்து ஒரு கொம்பியூட்டருக்கு வயர் போனா நல்லா வேலை. சுவிச் வாங்கி ரெண்டாப் பிரிச்சா ஒண்டுக்குத்தான் நெற். சுவிச் பழுதோ தம்பி?

சுவிச் நல்லது. ஆனால் சுவிச்சுக்கு எண் கொடுக்கத் தெரியாது, லைனைப் பங்கிடவும் தெரியாது. அது வயர்களைச் சேர்த்துவிடுகிற பெட்டி மட்டும்தான். உங்கள் லைன் பெட்டி பிரிட்ஜ் முறையில் இருக்கிறது. அந்த முறையில் பெட்டி வெறும் பாலமாக நிற்கும். கொம்பனியோடு பேசி, பயனர் பெயரும் பாஸ்வேட்டும் கொடுத்து உள்ளே போவது கொம்பியூட்டரேதான். டெஸ்க்ரொப்பில் ஒரு ஐகனை அழுத்தி, கனெக்ட் கொடுத்துத்தான் நெற் எடுக்கிறீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் உள்ளே நிற்கலாம். இரண்டாவது கொம்பியூட்டர் அதே பெயரோடு கதவைத் தட்டினால் அதை விடமாட்டார்கள், அல்லது முதலாவதை இறக்கிவிடுவார்கள்.

வழி இரண்டு. உங்கள் பெட்டிக்கே ரவுட்டர் முறை இருந்தால், அதன் பக்கத்துக்குள் போய் வான் பகுதியில் (வெளி லைனுக்கான பகுதி) பிரிட்ஜ் என்பதை பிபிபிஓஈ என்று, அதாவது பெட்டியே கொம்பனிக்குள் உள்நுழையும் முறைக்கு, மாற்றி, பயனர் பெயரையும் பாஸ்வேட்டையும் அங்கே கொடுங்கள். பிறகு கொம்பியூட்டரில் கனெக்ட் அழுத்தத் தேவையில்லை. அந்த ஐகனை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தில் யாராவது அழுத்துவார்கள். பெட்டிக்கு அந்த முறை இல்லையென்றால், அதற்கும் சுவிச்சுக்கும் நடுவில் ஒரு ரவுட்டர் வர வேண்டும். லைன் பெட்டியின் வயர் புது ரவுட்டரின் வான் துளைக்கு, அது அநேகமாக வேறு நிறத்தில் தனித்திருக்கும். சுவிச்சின் வயர் லான் துளைக்கு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சுவிச் வீணாகாது.

மாற்றுவதற்கு முன் பயனர் பெயரும் பாஸ்வேட்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். லைன் எடுத்த நாளில் தந்த கடதாசியில் இருக்கும். கடதாசி இல்லையென்றால் முதலில் கொம்பனியிடம் கேட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஒரு வயரை ரெண்டாக்கிற சின்னப் பிளக் ஒண்டு கடையில வாங்கினன். அதிலயும் ஒண்டுதான் வேலை செய்யுது.

அது சுவிச் இல்லை. உள்ளே எட்டுக் கம்பியையும் இரண்டு பக்கமும் சும்மா இணைத்துவிட்ட பிளக். அதில் இரண்டு கொம்பியூட்டரைச் சேர்த்தால் இரண்டின் சமிக்ஞையும் கலந்து குழம்பும், ஒன்றைக் கழற்றினால்தான் மற்றது எழும்பும். கரண்ட் வயர் குத்தாத எந்தப் பெட்டியும் இரண்டு கொம்பியூட்டருக்கு நெற் பிரித்துத் தராது என்று நினைவில் வையுங்கள். ஐந்து துளைச் சுவிச் ஒன்று வாங்குங்கள், அதைக் கழற்றி எறியுங்கள்.

போனில ஹொட்ஸ்பொட் போட்டுப் பிள்ளையள் படிக்கினம். ஒரு அளவுக்கு மேல ஏறுதில்லை.

போனிலேயே ஒரு வரம்பு இருக்கிறது. அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் 8 அல்லது 10, சிலவற்றில் அதைவிடக் குறைவாக அமைத்திருப்பார்கள். ஹொட்ஸ்பொட் செற்றிங்ஸில் எத்தனை பேர் என்று கேட்கும் இடம் இருந்தால் கூட்டலாம். விண்டோஸ் லப்டொப்பிலிருந்து விடும் ஹொட்ஸ்பொட்டில் 8. பொக்கட் ரவுட்டர்களில் 10, 16 என்று அட்டையில் எழுதியிருக்கும். கணக்கெடுக்கும்போது ரீவியையும் கமராவையும் மேசையில் படுத்திருக்கும் போன்களையும் மறக்காதீர்கள். திரை அணைந்திருந்தாலும் அவை இடம் பிடித்துத்தான் இருக்கும்.

எல்லாம் இணையுது. ஒராள் வீடியோ பாத்தா மற்றாளுக்கு வகுப்பு நிக்குது. இதுவும் எண் பிரச்சினையோ?

இல்லை. எண்கள் கொப்பித்தாளில் ஒழுங்காக இருந்தால், இது லைனின் அகலம். அகலமான வீடியோவுக்கு, அதாவது 1080 தரத்துக்கு, ஏறக்குறைய 5 மெகாபிட் வேகம் தேவை. 4ஜியில் மாலை ஏழு மணிக்கு ரவர் நெருக்கடியாக இருக்கும்போது உங்களுக்கு வருவதே அவ்வளவுதான் என்றால், ஒருவர் அதை முழுதாக எடுத்துவிடுவார். வேகத்தைக் காலமையும் இரவும் அளந்து பாருங்கள். அளக்கும்போது மற்ற எல்லாவற்றையும் வைபையிலிருந்து இறக்கிவிடுங்கள். இன்னொன்று, வேகம் மெகாபிட்டில் வரும், பைல் அளவு மெகாபைட்டில் வரும். எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட். 8 மெகாபிட் லைனில் ஒரு செக்கனுக்கு ஒரு மெகாபைட்தான் இறங்கும்.

லைனைக் கூட்டுவதற்கு முன் வீட்டுக்குள் இறங்குவதைக் குறைக்கலாம். விண்டோஸ் அப்டேற்றுகள் சொல்லாமல் இறங்கும். செற்றிங்ஸில் உங்கள் வைபைக்கு மீற்றேர்ட் என்பதைப் போட்டால், அவற்றில் பெரும்பகுதி பொறுத்து நிற்கும். இரவு டேட்டா தனியாகத் தரும் பக்கேஜ் என்றால் அப்டேற்றுகளை இரவில் இறக்கலாம். வீடியோவை 480 தரத்துக்கு இறக்குங்கள். பாடம் விளங்குவதற்கு அது தாராளம்.

பலருக்குத் தெரியாத இடம் மேலேற்றம். போனில் எடுத்த படங்கள் தானாக நெற்றிலுள்ள சேமிப்புக்கு (கிளவுட்) ஏறும்போது வீட்டிலுள்ள எல்லோருக்கும் நெற் இறுகும். 4ஜியில் மேலேறும் பாதை இறங்கும் பாதையைவிட ஒடுக்கம். அது நிரம்பினால் இறங்குவதும் நிற்கும், ஏனென்றால் “கிடைத்தது, அடுத்ததை அனுப்பு” என்ற பதிலும் அந்தப் பாதையால்தான் போக வேண்டும். கலியாண வீட்டுக்குப் போய் வந்த அடுத்த நாள் நெற் இழுபட்டால் முதலில் போன்களின் படச் சேமிப்பைப் பாருங்கள்.

ரவுட்டரை எங்க வச்சா நல்லது?

4ஜி ரவுட்டர் என்றால் ரவர் இருக்கும் திசை ஜன்னலில், தகரத்துக்குக் கீழே இல்லாமல். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையைத் திருப்பிவிடும். குசினி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ஜன்னலுக்கு ஜன்னல் மாற்றி வைத்து வேகத்தை அளந்து பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே வளவுக்குள்ள தம்பியின்ர வீடு. அங்கையும் குடுக்க இன்னொரு ரவுட்டர் பூட்டினன். அண்டையில இருந்து ஒரு நேரம் எங்கட வேலை செய்யும், ஒரு நேரம் அவையின்ர.

இரண்டு ரவுட்டரும் எண் கொடுக்கின்றன. ஒரே பிரிவுக்கு இரண்டு விதானையார் இருந்து ஆளுக்கொரு பதிவு எழுதினால் எப்படி இருக்கும், அதேதான். கொம்பியூட்டர் எண் கேட்கும்போது எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் எண்ணை எடுத்துக்கொள்ளும். புது ரவுட்டர் முந்தினால் “வெளியே போக என்னிடம் வா” என்று அது சொல்லும், அதற்கோ வெளியே போக லைனே இல்லை. கொப்பித்தாளில் கேற்வே இரண்டு விதமாக இருந்தால் இதுதான். இரண்டும் ஒரே கொம்பனிப் பெட்டி என்றால் இன்னும் மோசம், இரண்டின் சொந்த எண்ணும் 192.168.1.1 என்று ஒன்றாகவே இருக்கும்.

புது ரவுட்டரைத் தனியாக ஒரு கொம்பியூட்டரில் குத்தி அதன் பக்கத்தைத் திறவுங்கள். முதலில் அதன் சொந்த எண்ணை மாற்றுங்கள். வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். அந்த எண்ணை வீட்டு ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காதபடி அதன் வழங்கல் வரிசையை (அது கொடுக்கும் எண்களின் வரிசை) 192.168.1.10இலிருந்து தொடங்க வையுங்கள். அடுத்து புது ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாக வீட்டு ரவுட்டரின் லான் துளையிலிருந்து வரும் வயரைப் புது ரவுட்டரின் லான் துளையில் குத்துங்கள், வானில் இல்லை. இந்த ஒழுங்கு முக்கியம். டிஎச்சிபியை முதலில் நிறுத்தினால் உங்கள் கொம்பியூட்டருக்கு எண் இல்லாமல் போய் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்கச் சிரமப்படுவீர்கள். வைபைப் பெயரும் பாஸ்வேட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், போன் வளவுக்குள் நடக்கும்போது தானாக மாறிக்கொள்ளும்.

வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லான் வயர் ஒரு துண்டு 100 மீற்றர் வரைதான். வேலியோரம் கொண்டுபோனால் வெயிலில் மேலுறை வெடிக்கும், அணில் கடிக்கும். வெளியில் பாவிக்கவென்று வரும் கறுத்த வயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். நுனி அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நிற ஒழுங்கு: வெள்ளை ஒரேஞ்ச், ஒரேஞ்ச், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். 100 மெகாபிட்டுக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம், ஆறாம் கம்பிகளே வேலை செய்கின்றன. அந்த நாலில் ஒன்று சரியாகப் படாவிட்டால் லைற் வரும் போகும், நெற்றும் அப்படியே.

பெடியன் சுத்தம் செய்யேக்க ஏதோ வயரைக் குத்தினான். முழு வீடும் போச்சு. சுவிச்சில லைற் எல்லாம் விசர் பிடிச்ச மாதிரி மின்னுது.

ஒரே வயரின் இரண்டு நுனியும் ஒரே சுவிச்சில் குத்தப்பட்டிருக்கும். அல்லது ரவுட்டருக்கும் சுவிச்சுக்கும் நடுவில் இரண்டு வயர் போயிருக்கும். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு செய்தி அந்த வளையத்துக்குள் முடிவில்லாமல் சுற்றும், வேறு எதற்கும் இடம் இருக்காது. மலிவான சுவிச்களுக்கு இதைத் தடுக்கும் வழி இல்லை. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மின்னல் அடங்குகிறதோ அதுதான் ஆள். வயர் நுனிகளில் துண்டுக் கடதாசி ஒட்டிப் பெயர் எழுதி வைத்தால் திரும்ப நடக்காது.

எங்கட ரியூசனில காலமை வகுப்புக்குச் சரி. பின்னேரம் வாற பிள்ளையளுக்கு ஏறுதில்லை. அடுத்த நாள் காலமை தானாச் சரியாகுது. இது என்ன மாயம் சேர்?

ரவுட்டர் கொடுக்கும் எண்ணுக்கு ஒரு தவணை உண்டு, பல ரவுட்டர்களில் அது 24 மணித்தியாலம். பிள்ளை வீட்டுக்குப் போனாலும் அதன் போனுக்குக் கொடுத்த எண் தவணை முடியும்வரை ஒதுக்கப்பட்டே இருக்கும். வழங்கல் வரிசை 192.168.1.100 முதல் 149 வரை என்று ஐம்பதாக இருந்தால், காலமை வந்த ஐம்பது போன்களோடு முடிந்துவிடும். பின்னேரம் வரும் கொம்பியூட்டருக்கும் 169தான். இரவு கழிய தவணைகள் முடிந்து எண்கள் திரும்ப வரும்.

ரவுட்டரின் பக்கத்தில் வரிசையை 10 முதல் 250 வரை விரியுங்கள். தவணையை இரண்டு மணித்தியாலமாகக் குறையுங்கள். சாதாரண வீட்டு அமைப்பில் 254 எண்கள் வரை இடமுண்டு. ஆனால் எண் இருக்கிறது என்பதற்காக மலிவு ரவுட்டரின் வைபை நூறு பேரைத் தாங்காது. வகுப்புக் கொம்பியூட்டர்களை வயரில் விடுங்கள், பிள்ளைகளின் போன்களுக்குப் பாஸ்வேட் கொடுப்பதா என்பதையும் யோசியுங்கள்.

பழைய லப்டொப் மட்டும் எங்கட வைபையைக் காட்டுதில்லை. போனுகளில காட்டுது.

வைபைக்கு 2.4, 5 கிகாஹேட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. ரவுட்டர் 5இல் மட்டும் வைபை விடுகிறது, லப்டொப்புக்கு 2.4 மட்டுமே தெரியும். இரண்டையும் போட்டுவிடுங்கள். பெயர் காட்டியும் ஏற மறுத்தால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருக்கும். அதை டபிள்யூபிஏ2உம் டபிள்யூபிஏ3உம் சேர்ந்த முறைக்கு மாற்றுங்கள்.

ஏறியபின் ஒவ்வொரு தளமும் பாதுகாப்பில்லை என்று எச்சரித்தால் திகதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பற்றரி செத்துவிட்டால் பல வருடங்கள் பின்னால் போயிருக்கும். பற்றரியை மாற்றினால் சரி.

நீங்க சொன்ன மாதிரி ஒட்டோமெட்டிக்கில போட்டாச்சு. ஆனாலும் ரெண்டுக்கும் ஒரே எண்தான் வருகுது.

இது அரிது, ஆனால் ஆளை அலைக்கழிக்கும். ஒவ்வொரு நெற்வேர்க் கார்டுக்கும் (கொம்பியூட்டரை நெற்றோடு இணைக்கும் பாகம்) தயாரிக்கும்போதே மக் முகவரி என்ற அடையாளம் பதியப்படும், உலகத்தில் ஒன்றுக்கு ஒன்று வேறாக இருக்க வேண்டியது. ரவுட்டர் ஆளை அறிவது அதை வைத்துத்தான். மலிவான யூஎஸ்பி லான் பிளக்குகள் சிலவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம் போட்டு விட்டிருக்கிறார்கள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு வாங்கி இரண்டு கொம்பியூட்டருக்குப் போட்டால், ரவுட்டர் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்து ஒரே எண்ணைக் கொடுக்கும்.

கறுப்புத் திரையில் முன் சொன்ன சொல்லுக்குப் பிறகு இடைவெளி விட்டு, / என்ற சாய்கோடு போட்டு, ஏ, எல், எல் என்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் பிசிக்கல் அட்ரஸ் என்ற வரி வரும். இரண்டிலும் அது ஒன்றாக இருந்தால் பிடிபட்டது. ஒன்றைக் கடையில் கொடுத்து வேறு தயாரிப்பாக மாற்றி எடுங்கள்.

ரெண்டிலயும் நெற் வருகுது. ஆனா ஒண்டில இருந்து மற்றதையும் பிரின்டரையும் காணேல்ல.

ஒன்று கெஸ்ற் வைபையில், அதாவது விருந்தினருக்கென்று தனியாக விடும் வைபையில், நிற்கலாம். அதில் ஏறுபவை ஒன்றையொன்று பார்க்க முடியாதபடிதான் அமைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே பெயரில் ஏற்றுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் விண்டோஸில் அந்த வைபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருக்கும், பிரைவேற் என்று மாற்றுங்கள். வீட்டில் மட்டும் செய்யுங்கள், நெற் கடையில் செய்யாதீர்கள்.

இடி முழங்கினாப் பிறகு வைபையில நிக்கிறது எல்லாம் சரி, வயரில நிக்கிற கொம்பியூட்டர் மட்டும் இல்லை.

லான் துளை எரிந்திருக்கும். சித்திரைப் பகுதியிலும் ஐப்பசி மழை தொடங்கும்போதும் இதைக் கூடக் காண்கிறோம். வயரை ரவுட்டரின் அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள், சில நேரம் ஒரு துளை மட்டும் போயிருக்கும். கொம்பியூட்டர்ப் பக்கத்துத் துளை போயிருந்தால் யூஎஸ்பி பிளக் ஒன்றோடு சமாளிக்கலாம், மேலே சொன்ன அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள். முழக்கம் கேட்டால் கரண்ட் பிளக்கை மட்டும் இழுத்துப் போதாது. தொலைபேசி லைனையும் வெளியிலிருந்து வரும் லான் வயரையும் கழற்ற வேண்டும், அடி அந்த வழியாலும் வரும். முழக்கம் தலைக்கு மேலே வந்தபின் வயரில் கை வைக்கவே வேண்டாம். வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள்.

பின்னால இருக்கிற ஓட்டைக்குள்ள குண்டூசியால அழுத்தினா எல்லாம் சரியாகும் எண்டு சொல்லினம்.

அழுத்தாதீர்கள். அது ரீசெற். ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுத்த நாளுக்குத் திரும்பிவிடும். பிரிட்ஜ் கேள்வியில் சொன்ன பயனர் பெயரும் பாஸ்வேட்டும் அழியும், நீங்கள் ஒதுக்கிய எண்களும் அழியும். முன்பு ஒரு கொம்பியூட்டருக்காவது வந்த நெற்றும் போய்விடும். அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுவது வேறு. அது ஒன்றையும் அழிக்காது, எத்தனை தரமும் செய்யலாம்.

அப்ப கொம்பனிக்கு எப்ப எடுக்கிறது?

வயரில் ஒரு கொம்பியூட்டரை மட்டும் நேரே ரவுட்டரில் விட்டு, மற்ற எல்லாவற்றையும் இறக்கி, எண் ஒழுங்காக இருந்தும் நெற் இல்லாவிட்டால் எடுங்கள். ரவுட்டரில் எந்த லைற் எரிகிறது, எந்த நிறம், எத்தனை மணியிலிருந்து என்று சொல்லுங்கள். “ஒரு கொம்பியூட்டரை நேரே பூட்டிப் பார்த்துவிட்டேன்” என்று முதலிலேயே சொன்னால் அவர்கள் உங்களை அணைத்துப் போடச் சொல்லி நேரம் கழிக்காமல் லைனைப் பார்ப்பார்கள். அந்த ஒரு கொம்பியூட்டரில் நெற் வந்தால், பிழை வீட்டுக்குள் இருக்கிறது.

வீட்டுக்குள்ள எல்லாம் சரி. கனடாவில இருக்கிற அண்ணாவுக்கு மட்டும் எங்கட கமரா தெரியேல்ல. போர்ட் திறக்கச் சொல்லினம், திறந்தும் சரி வரேல்ல.

போர்ட் திறப்பது என்றால் வெளியிலிருந்து வீட்டுக்குள் வர ரவுட்டரில் ஒரு வழி விடுவது. 4ஜி லைனில் போர்ட் திறந்து அநேகமாகப் பயன் இல்லை. ரவுட்டரின் பக்கத்தில் வான் எண்ணைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64இலிருந்து 100.127க்குள் இருந்தாலோ, கொம்பனி ஒரு பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. நீங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலும் கொம்பனியின் கதவு பூட்டியிருக்கும், அதைத் திறப்பது உங்கள் கையில் இல்லை. கமராவோடு வரும் செயலியில் கியூஆர் கோட்டை ஸ்கான் செய்து அண்ணாவின் போனில் சேர்க்கும் முறையைப் பாவியுங்கள். அதில் கமராவே வெளியே போய் இணைப்பை எடுப்பதால் போர்ட் தேவையில்லை.

அப்படிச் சேர்த்தபின் ஒன்றைக் கவனியுங்கள். ரொறன்ரோவில் மத்தியானம் 12 மணி என்றால் இங்கே இரவு 9.30, அங்கே குளிர்காலத்தில் 10.30. அவர் சாப்பாட்டு நேரத்தில் கமராவைத் திறந்து வைத்திருந்தால், இங்கே பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் மேலேறும் பாதை நிரம்பும். செயலியில் எச்டிக்குப் பதிலாக எஸ்டியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.